கார்டன் பென்னட்: 15,000 வீரர்கள் சிறைக்குப் போன இரவில் தப்பிச் சென்ற தளபதி செய்தது சரியா?

1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்தது. அன்று இரவே, அங்கிருந்த ஆஸ்திரேலியப் படையின் தளபதி படகு தேடிக் கடலுக்குப் போய்விட்டார். அவருக்குக் கீழே இருந்த சுமார் 15,000 வீரர்கள் மறுநாள் முதல் போர்க்கைதிகள்.

அந்தத் தளபதியின் பெயர் ஹென்றி கார்டன் பென்னட். அவர் செய்தது வீரமா, கடமை தவறலா என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு விசாரணைகள் நடந்தன. 80 ஆண்டுகள் கடந்த பிறகும் அங்கே இது பேசி முடியாத விஷயம்தான்.

ஆஸ்திரேலியக்காரர் கதை நமக்கு எதுக்கு என்று தோன்றலாம். ஆனா 1941-இல் பல மாதங்கள் பென்னட்டின் தலைமையகம் இருந்த ஊர் கோலாலம்பூர். அவர் விட்டுச் சென்ற வீரர்களில் ஆயிரக்கணக்கானோர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடமும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த இடம்தான்: சயாம் மரண ரயில் பாதை.

யார் இந்த பென்னட்?

1887 ஏப்ரல் 15-ஆம் தேதி மெல்போர்ன் நகரை ஒட்டிய பால்வின் பகுதியில் பிறந்தார் பென்னட். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பையனுக்குக் கணக்கு நன்றாக வரும். பள்ளி முடித்ததும் ஏ.எம்.பி. என்ற பெரிய காப்புறுதி நிறுவனத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், ஒரு கிராணி.

பகலில் அலுவலகக் கணக்கு, ஓய்வு நேரத்தில் ராணுவப் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் அப்போது முழுநேர ராணுவம் ரொம்பச் சிறியது. வேலைக்குப் போகிறவர்கள் பகுதிநேரமாகச் சேரும் குடிமக்கள் படைதான் பெரியது. 1908-இல் பென்னட் அதில் அதிகாரியாகச் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் மேஜர் ஆகிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. பின்னாளில் மலாயாவில் பென்னட்டுக்கு மேலதிகாரியாக இருந்த பிரிட்டிஷ் ஜெனரல் ஆர்தர் பெர்சிவலும் பிறந்தது 1887-இல்தான். அவரும் லண்டனில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக இருந்துவிட்டு, 1914-இல் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர். இரண்டு கிராணிகளையும் முதல் உலகப் போர்தான் ஜெனரல் ஆக்கியது. ஆனா இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

கலிப்போலி: ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தவர்

1914 ஆகஸ்டில் போர் வெடித்ததும் பென்னட் 6-ஆவது பட்டாலியனில் இரண்டாம் நிலைத் தளபதியானார். 1915 ஏப்ரல் 25-ஆம் தேதி துருக்கியின் கலிப்போலியில் ஆஸ்திரேலியப் படை தரையிறங்கியபோது அவரும் அதில் இருந்தார்.

அன்றே தோளிலும் மணிக்கட்டிலும் குண்டு பாய்ந்தது. சிகிச்சைக்காக அவரை ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவரோ யாரிடமும் அனுமதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பி, திரும்பவும் போர்முனைக்கே வந்துவிட்டார். சில நாட்களில் கிரிதியா என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் முன்னால் நின்று படையை நடத்தினார். அதில் அவருடைய பட்டாலியனின் அதிகாரிகள் பெரும்பாலோர் வீழ்ந்தார்கள். பட்டாலியன் பென்னட்டின் கைக்கு வந்தது.

அடுத்து பிரான்ஸ். 1916 டிசம்பரில் 3-ஆவது பிரிகேடின் தளபதியாக, பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29தான்.

துணிச்சல்காரர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கூடவே கோபக்காரர், யாரையும் எளிதில் நம்பாதவர், மேலதிகாரிகளிடம் மோதுகிறவர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு போர்களுக்கு நடுவே

போர் முடிந்து சிட்னியில் குடியேறினார். துணி உற்பத்தித் தொழில், கணக்காளர் தொழில் என்று பிழைப்பு ஓடியது. 1928-இல் சிட்னி நகர மன்றம் கலைக்கப்பட்டபோது, நகரை நிர்வகிக்க அரசு நியமித்த மூன்று ஆணையர்களில் பென்னட்டும் ஒருவர். பகுதிநேரப் படையிலும் தொடர்ந்து இருந்தார். 1930-இல் மேஜர் ஜெனரல் ஆனார்.

1937-இல் நாட்டின் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் குறை சொல்லிப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். முழுநேர ராணுவ அதிகாரிகளையும் விட்டுவைக்கவில்லை. படையை நடத்தப் போரில் அடிபட்ட குடிமக்கள் படைக்காரர்களே மேல் என்பது அவர் வாதம். ராணுவத் தலைமைக்கு இது பிடிக்குமா? 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, அனுபவம் மிக்க இந்த ஜெனரலுக்குப் பதவி எதுவும் தரவில்லை.

1940 ஆகஸ்டில் கான்பெரா அருகே நடந்த விமான விபத்தில் ராணுவத் தலைமைத் தளபதி உயிரிழந்தார். 8-ஆவது டிவிஷனின் தளபதியாக இருந்த ஸ்டர்டீ அந்த இடத்துக்குப் போக, டிவிஷன் பென்னட்டிடம் வந்தது. அதன் ஒரு பிரிகேட் தீமோர், அம்போன், ரபாவுல் தீவுகளுக்குப் பிரிந்து போனது. மீதி இரண்டும் மலாயாவுக்கு.

கோலாலம்பூருக்கு வந்த ஆஸ்திரேலியர்கள்

1941 பிப்ரவரியில் குயின் மேரி என்ற பிரம்மாண்டமான பயணக் கப்பலில் 22-ஆவது பிரிகேட் சிங்கப்பூர் வந்து இறங்கியது. வீரர்கள் போர்ட்டிக்சன், சிரம்பான் பக்கம் முகாம் போட்டார்கள். பென்னட் கோலாலம்பூரில் தலைமையகம் அமைத்தார். ஆகஸ்டில் 27-ஆவது பிரிகேடும் வந்து சேர்ந்தது. பிறகு தலைமையகம் ஜொகூர் பாருவுக்கு மாறியது.

அந்த மாதங்களில் ரப்பர் காட்டுக்குள் நடக்கவும் சண்டை போடவும் வீரர்களைப் பழக்கினார்கள். இதில் பென்னட் பிடிவாதமாக இருந்தார். காட்டை எதிரி கடக்க முடியாத சுவர் என்று நினைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் சரிதான் என்று டிசம்பரில் தெரிந்தது.

அதே நேரத்தில் கிள்ளானில்

பென்னட் கோலாலம்பூருக்கு வந்த அதே சமயத்தில், பக்கத்திலேயே வேறொரு போராட்டம் சூடாகிக்கொண்டிருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனும் முன்னால் நின்றார்கள்.

என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. தோட்டத்தில் கள்ளுக்கடை கூடாது. பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், நாடு கடத்தப்பட்டார். போராட்டம் இன்னும் பரவியது. அதை அடக்க பிரிட்டிஷ் அரசு இந்தியத் துருப்புகளை அனுப்பியது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ரப்பரும் ஈயமும் போருக்கு வேண்டும், அதனால் உற்பத்தி நிற்கக் கூடாது என்று அரசு கணக்குப் போட்டது. மலாயாவைக் காக்க வந்த படைகள் எந்த மலாயாவைக் காத்தன என்று புரிந்துகொள்ள, இந்தக் காட்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிம்மாஸில் வெற்றி, மூவாரில் பேரிழப்பு

1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்து நடந்தது எல்லாம் பின்வாங்கல்தான். 1942 ஜனவரி 7-ஆம் தேதி சிலிம் ரிவரில் இந்தியப் படைப்பிரிவுகள் சிதறின. ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது.

அடுத்த தற்காப்புக் கோடு வடக்கு ஜொகூர். அங்கே ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் இரண்டையும் சேர்த்து பென்னட்டின் கட்டுப்பாட்டில் விட்டார் பெர்சிவல்.

ஜனவரி 14-ஆம் தேதி கிம்மாஸ் அருகே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்தார்கள். சைக்கிளில் வந்த ஜப்பானியர்களில் சில நூறு பேரைப் பேசாமல் கடக்க விட்டார்கள். பெருங்கூட்டம் பாலத்துக்கு வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்துச் சுட ஆரம்பித்தார்கள். ஜப்பானியருக்குப் பலத்த சேதம். தொலைபேசிக் கம்பி அறுந்ததால் பீரங்கிப் படையைத்தான் நேரத்துக்கு அழைக்க முடியாமல் போச்சு. இனி ஜப்பானியரை நிறுத்திவிடலாம் என்ற தொனியில் பென்னட் பத்திரிகையாளர்களிடம் பேசினார்.

அந்த நம்பிக்கை சில நாள்கூடத் தாங்கவில்லை. மேற்குக் கரையில் மூவார் ஆற்றைக் காக்க நின்றது 45-ஆவது இந்திய பிரிகேட். மலாயாவுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத படை அது. பலர் பயிற்சி முடியாத இளைஞர்கள். அவர்கள் காக்க வேண்டிய ஆற்றோரமோ கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். எதிரில் ஜப்பானின் பேரரசக் காவல் டிவிஷன். பிரிகேட் உடைந்தது.

உதவிக்குப் போன இரண்டு ஆஸ்திரேலிய பட்டாலியன்களும் சூழப்பட்டன. லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஆண்டர்சன் எஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு பாரிட் சூலோங் வரை போரிட்டுப் போனார். அங்கே பாலம் எதிரி கையில். நடக்க முடிந்தவர்கள் சதுப்புக்காட்டு வழியே தப்பினார்கள். விட்டுவர வேண்டியிருந்த காயம்பட்ட ஆஸ்திரேலியர், இந்தியர் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஜப்பானியர்கள் கொன்றார்கள். ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

இந்தத் தோல்விக்கு பென்னட் இந்தியப் படைகளையும் பிரிட்டிஷ் தலைமையையும் கடுமையாகக் குறை சொன்னார். ஆனா அனுபவமே இல்லாத ஒரு படையை அவ்வளவு நீளமான ஆற்றோரத்தில் பரப்பி நிறுத்தியது யார் என்ற கேள்வி அவர் பக்கமும் திரும்புகிறது. எதிரியின் முக்கியத் தாக்குதல் கிம்மாஸ் நெடுஞ்சாலை வழியாகத்தான் வரும் என்று அவர் நினைத்தார். மூவாரில் வந்த ஆபத்தைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

பிப்ரவரி 15 இரவு என்ன நடந்தது?

ஜனவரி 31-ஆம் தேதி கடைசிப் படைகள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் வந்தன. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர்கள் தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். அங்கே காவலில் நின்றது ஆஸ்திரேலிய 22-ஆவது பிரிகேட். ஒரே வாரத்தில் நகரம் சூழப்பட்டது. தண்ணீர் இல்லை, தெருவெல்லாம் பிணம்.

பிப்ரவரி 15 மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணாகதியில் கையெழுத்திட்டார். வீரர்கள் இருக்கும் இடத்திலேயே ஒன்றாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போனது.

பென்னட் தன் பொறுப்பை பிரிகேடியர் செசில் காலகனிடம் ஒப்படைத்தார். பெர்சிவலிடம் சொல்லவில்லை. மேஜர் சார்லஸ் மோசஸ், லெப்டினன்ட் கார்டன் வாக்கர் என்ற இரண்டு அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். இந்த மோசஸ், போருக்கு முன் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணையத்தின் தலைமை மேலாளராக இருந்தவர். முதலில் சம்பான், பிறகு சீனப் பாய்மரக் கப்பல், அப்புறம் சுமத்ரா, ஜாவா என்று கடந்து, மார்ச் 2-ஆம் தேதி பென்னட் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தார்.

ஜப்பானியரின் போர்முறையை நேரில் கண்டவன் நான், அடுத்து ஆபத்து ஆஸ்திரேலியாவுக்குத்தான், அதை நாட்டுக்குக் கற்றுக்கொடுப்பது என் கடமை என்பதே அவர் சொன்ன காரணம்.

பிரதமர் ஜான் கர்ட்டின் அவரைப் பகிரங்கமாகப் பாராட்டினார். ராணுவத் தலைமையோ முகம் கொடுத்தே பேசவில்லை. 1942 ஏப்ரலில் லெப்டினன்ட் ஜெனரலாகப் பதவி உயர்வு தந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு படையணியைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஜப்பான் படையெடுக்கவே இல்லை. போர்முனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டும் பலனில்லை. 1944-இல் ராணுவத்திலிருந்து விலகினார். அதே ஆண்டு, சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது என்று ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார்.

விசாரணை என்ன சொன்னது?

1945-இல் ஜப்பான் சரணடைந்து பெர்சிவல் விடுதலையானதும் விஷயம் மறுபடி கிளம்பியது. தன் அனுமதி இல்லாமல் பென்னட் பொறுப்பைக் கைவிட்டார் என்று பெர்சிவல் எழுத்தில் சொன்னார். அக்டோபரில் நடந்த ராணுவ விசாரணை பென்னட் செய்தது நியாயமில்லை என்றது. அவருடைய பழைய வீரர்களே இதை எதிர்த்தார்கள். அரசு அரச ஆணையம் அமைத்தது. நீதிபதி ஜார்ஜ் லிகர்ட்வுட் விசாரித்தார்.

கேள்வி சட்டம் சம்பந்தப்பட்டது. போர்க்கைதி தப்பிக்க முயல்வது தவறில்லை, அதை வீரரின் கடமை என்றே சொல்வார்கள். ஆனா பென்னட் கிளம்பிய நேரத்தில் அவர் கைதியாகிவிட்டாரா? இல்லை என்றார் நீதிபதி. சரணடையும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. படையை ஒழுங்காக ஒப்படைக்கும் வரை தளபதியின் கடமை முடியாது. எனவே அவர் கிளம்பியது நியாயமில்லை என்று தீர்ப்பு வந்தது. அதே நேரம், பென்னட்டின் துணிச்சலை நீதிபதி சந்தேகிக்கவில்லை. நாட்டுக்கு நல்லது என்று நம்பித்தான் போனார் என்பதையும் ஏற்றுக்கொண்டார்.

தீர்ப்பின் சட்ட அடிப்படை தவறு என்று வாதாடியவர்களும் உண்டு. சண்டை நின்ற அந்த நிமிடமே தளபதி பொறுப்பு முடிந்துவிட்டது என்பது அவர்கள் பக்கம். எது எப்படியோ, பென்னட்டுக்குத் தண்டனை எதுவும் இல்லை. பழத்தோட்டம் வாங்கி விவசாயம் பார்த்தார். 1962 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சிட்னி அருகே டூரல் என்ற ஊரில் காலமானார்.

1915-இல் அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியபோது அதை வீரம் என்றார்கள். 1942-இல் அனுமதி இல்லாமல் கிளம்பியதைத் தவறு என்றார்கள். மனிதர் மாறவில்லை. முதல் தடவை அவர் தன் வீரர்களை நோக்கி வந்தார். இரண்டாவது தடவை அவர்களை விட்டு விலகிப் போனார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனா அது சின்ன வேறுபாடு இல்லை.

விட்டுச் செல்லப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

சிங்கப்பூரில் பிடிபட்ட ஆஸ்திரேலியர்கள் சாங்கி முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்களை சயாமுக்கும் பர்மாவுக்கும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை. சுமார் 13,000 ஆஸ்திரேலியக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 2,800 பேர் திரும்பவில்லை. போர்னியோவில் சண்டாக்கான் முகாமில் இருந்த சுமார் 2,400 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளில் உயிரோடு மிஞ்சியவர்கள் ஆறே பேர்.

இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து, பிப்ரவரி 17-ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் உருவெடுக்கத் தொடங்கியது.

கைதிகள் மட்டும் போதாது என்று ஆனதும் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, லயத்தில் அரிசி இல்லை. நல்ல கூலி, சில மாதம்தான் வேலை என்று ஆசை காட்டி ஆள் எடுத்தார்கள். வராதவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். இப்படிப் போன பல்லாயிரம் பேரில் பெரும்பகுதி தமிழர்கள். 1941-இல் கிள்ளானில் சைக்கிளில் போகும் உரிமைக்காகக் குரல் கொடுத்த அதே மக்கள் கூட்டம்.

முகாம்களில் காலரா பரவியபோது கைதிகளிடம் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு இது எதுவும் இல்லை. பாதை வேலையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை கைதிகளின் இறப்பைப் போலப் பல மடங்கு. எத்தனை என்பதில் இன்றும் ஒரே கணக்கு கிடையாது. எழுதி வைக்க ஆள் இல்லாததுதான் காரணம்.

காஞ்சனபுரியிலும் தான்பியூசாயத்திலும் உள்ள போர்க் கல்லறைகளில் ஆஸ்திரேலிய வீரர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஒரு தளபதி எத்தனை மணிக்குக் கிளம்பினார், அதற்குள் கைதியாகிவிட்டாரா என்று ஒரு நாடு இரண்டு முறை உட்கார்ந்து விசாரித்தது. தோட்டங்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதைக்கூட அந்த அளவு அக்கறையோடு யாரும் எண்ணவில்லை.

பென்னட் குற்றவாளியா என்று தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனா ஒரு படையை விட்டுப் போவதற்கே இவ்வளவு கேள்வி எழுகிறது என்றால், ஒரு மக்களையே விட்டுப் போன பிரிட்டிஷ் அரசிடம் யார் கேள்வி கேட்டார்கள் என்பது நாம் கேட்க வேண்டியது. பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரல் இருக்கும் இடம் முன்பு ரயில்வே யார்டு. அந்த ரயில்வே குடும்பங்களிலும், கிள்ளான், காப்பார், பந்திங் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களிலும் ஜப்பான்காரன் காலத்துக் கதை தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், சயாமுக்குப் போனவர்களின் பெயரை மட்டுமாவது கேட்டு எழுதி வையுங்கள்.